தரை எட்டாத பிள்ளைகள்

மஞ்சணத்திக்குளத்தில் கோடை விடுமுறைக் கலைமுகாம் முடிந்த அன்று சாயங்காலம், கட்டைக்கால் ஆட்டம் ஆடிய பிள்ளைகளின் கால்களிலிருந்து கட்டைகளை அவிழ்த்தபோது கட்டைகள் மட்டும் சரிந்து மண்ணில் விழுந்தன. பிள்ளைகள் கட்டையின் மேல் எந்த உயரத்தில் நின்றார்களோ அந்த உயரத்திலேயே நின்றார்கள். பெற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியிருந்தார்கள். தலைமையாசிரியர் ஞானதுரை ஒலிபெருக்கியில் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்ததால், அவர் முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

முத்துக்கிளியின் கண்ணில் முதலில் பட்டது மகள் செம்மலரின் உள்ளங்கால்தான். விழுந்த கட்டையை எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்தவள் நிமிரும்போது அதைப் பார்த்தாள். கைப்பிள்ளையாக இருந்தபோது எண்ணெய் தேய்த்துவிட்ட அந்தப் பாதத்தை அதற்கப்புறம் அடிப்பக்கமாக அவள் பார்த்ததே இல்லை. அது நீண்டிருந்தது, குதிகாலில் லேசாக வெடிப்பு விட்டிருந்தது, பெருவிரலுக்குக் கீழே களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் கையால் தட்டிவிட்டாள். மண் உதிர்ந்து கீழே விழுந்தது, கால் விழவில்லை.

"இறங்குட்டி," என்றாள்.

"இறங்கித்தாம்மா நிக்கேன்," என்றாள் செம்மலர்.

முகாமை நடத்தியவர் ஜெசிந்தா டீச்சர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பழைய வேனில் களிமண் மூட்டையும் பனையோலைக் கட்டும் பழைய செய்தித்தாளும் ஒரு தவிலும் கட்டைகளுமாக வந்து இறங்கி, காலையில் களிமண்ணில் யானை, மதியம் காகிதக்கூழில் புலித்தலை, வெயில் தாழ்ந்ததும் கும்மி, அதற்கப்புறம் ஒயிலாட்டம் என்று, விடுமுறையில் வேலிக்காத்தான் காட்டில் ஓணான் அடித்துத் திரிந்த பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் இழுத்துப்போட்டவர் அவர்தான். மேட்டுத்தெருப் பிள்ளைகளும் பள்ளத்தெருப் பிள்ளைகளும் ஒரே சட்டிக்குள் கைவிட்டு ஒரே களிமண்ணைப் பிசைந்தார்கள். மேட்டுத்தெருவிலிருந்து சில அம்மாக்கள் வந்து சன்னல் வழியாகப் பார்த்தார்கள். முடிவில் சான்றிதழ் தருவார்கள் என்றும், அது பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உதவும் என்றும் கேள்விப்பட்டிருந்ததால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். ஜெசிந்தா டீச்சர் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தும்போது யார் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர் என்று ஊர் அவரை மன்னித்துவிட்டது.

கட்டை அவிழ்த்த பிறகும் இறங்காத பிள்ளைகளை அவர் சுற்றிவந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். காலுக்கும் தரைக்கும் இடையில் கையை விட்டு வீசினார்.

"கட்டையத் தவிர நான் வேற எதையும் கட்டிவிடலைங்க. அவிழ்த்துத்தான் விட்டேன்," என்றார், பெற்றவர்களைப் பார்த்து. "இறங்கணும்னு தோணினா இறங்குவாங்க. அதட்டாதீங்க."

அடுத்த ஊரில் மறுநாள் முகாம் இருந்ததால் கட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது பிள்ளைகள் வேன் சன்னல் உயரத்திலேயே ஓடிவந்து கையாட்டினார்கள்.

பிறகு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்போதுதான் விஷயம் இரண்டாகப் பிரிந்தது.

மஞ்சணத்திக்குளம் சரிவில் இருக்கிற ஊர். உச்சியில் மேட்டுத்தெரு, நடுவில் பள்ளிக்கூடம், கீழே குளத்தை ஒட்டிப் பள்ளத்தெரு. மேட்டுத்தெருப் பிள்ளைகள் பேசிக்கொண்டே மேலே நடந்தார்கள், நடக்க நடக்கத் தரை அவர்களை நோக்கி ஏறிவந்தது, பிள்ளையார் கோயில் தாண்டியதும் புழுதி விரலில் பட்டது, வீட்டு வாசலுக்குப் போனபோது எப்போதும்போலக் கால் பதித்து நின்று, எப்போதும்போலக் கால் கழுவச் சொல்லித் திட்டு வாங்கி, எப்போதும்போல உள்ளே போனார்கள். பள்ளத்தெருப் பிள்ளைகள் கீழே நடந்தார்கள், நடக்க நடக்கத் தரை அவர்களை விட்டு இறங்கிப்போனது. ரேஷன் கடை தாண்டும்போது செம்மலரின் கால் முத்துக்கிளியின் இடுப்புக்கு வந்தது. வீடு வந்தபோது நெஞ்சுக்கு வந்துவிட்டது. வாசல் நிலை அவள் இடுப்பில் இடித்தது.

முத்துக்கிளியின் புருசன் செல்லையா கொத்தனார். வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, மகளின் காலையும் தெருவின் வாட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து அவள் பாதத்தின் கீழே பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. பள்ளிக்கூடத்துல நின்ன மட்டத்துலயேதான் நிக்கா," என்றார். "ஊருதான் சரியுது."

அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை வைத்து மகளை வீட்டுக்குள் கொண்டுபோக முடியவில்லை. கடைசியில் செம்மலர் குப்புறப் படுத்து நீந்துகிற மாதிரி வாசலுக்குள் நுழைந்தாள்.

அன்றிலிருந்து பள்ளத்தெரு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. சமைக்கிறவர்கள் தட்டை மேலே நீட்டப் பழகினார்கள். மின்விசிறியை யாரும் போடவில்லை, றெக்கைகளைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள். உறங்கும்போது பிள்ளைகள் கூரைக்குக் கீழே காற்றில் படுத்துக்கொள்ள, போர்வையின் ஒரு முனை தொங்கி அம்மாவின் முகத்தில் பட, அவள் கையைத் தூக்கி மகளின் முதுகு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டி வேண்டாமல் போனது. மழைத்தண்ணீர் தேங்கிய நாளிலும் பிள்ளைகளின் காலில் சேறு இல்லை. அரசாங்கம் கொடுத்த இலவசச் செருப்புகள் புதிதாகவே ஆணியில் தொங்கின. கோலிக்குண்டு விளையாட முடியவில்லை, பம்பரம் விட முடியவில்லை, தெருநாய்கள் மட்டும் கொஞ்ச நாள் எம்பி எம்பிப் பார்த்துவிட்டுப் பழைய சேக்காளிகளை மறந்தன. டவுன் பஸ்ஸில் கண்டக்டர், இருக்கையில் உட்காராததால் டிக்கெட் உண்டா இல்லையா என்று டிப்போவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், கேட்டுச் சொல்லவே இல்லை. சுடலைமுத்து என்கிற பையனின் குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போனது. அங்கே மூன்றாவது மாடியில் அறை கிடைத்ததாகவும், பையன் படியேற மாட்டேன் என்று சன்னலுக்கு வெளியே நெடுந்தூரம் கீழே, நம்மூர் மட்டத்தில், ரயில்பாதைப் பக்கம் தனியாக நடந்து போவதாகவும் அவன் அம்மா போனில் சொன்னாள். பிறகு அவர்களைப் பற்றித் தகவல் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. அங்கே மட்டும் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானதுரை சார் கரும்பலகையை ஏற்றி மாட்டினார், மேசைகளுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார், வருகை எடுத்தார். செம்மலருக்குப் பக்கத்தில், அவளைவிடக் கொஞ்சம் உயர்ந்து, ரித்திகா உட்காருவாள். மேட்டுத்தெருவில் எல்லாவற்றிலும் உயரமான அடித்தளம் போட்ட வீடு அவளுடையது. அப்பா பலவேசம் பஞ்சாயத்துத் துணைத்தலைவர், அம்மா சண்முகவடிவு. சாயங்காலம் மணி அடித்ததும் ரித்திகா மேலே போவாள், செம்மலர் கீழே போவாள்.

ஆவணி முடிகிறபோது முத்துக்கிளி ஒன்றைக் கவனித்தாள். செம்மலரின் வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை வழுக்கியது. தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது, ஆனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. குரல் மெலிந்து, கொடியில் காயும் துணி உரசுகிற மாதிரி ஆகிவிட்டது. கீழே நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. காற்று வேகமாக அடித்த ஒரு நாள் மகள் தெருவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்ந்ததைப் பார்த்த பிறகு, முத்துக்கிளி தையல் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். மகளின் பாவாடை நாடாவில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா வேலைக்குப் புதிது, வேறு மாவட்டம். நாற்காலியில் ஏறி நின்று நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். பள்ளத்தெருவின் மற்ற பிள்ளைகளையும் அதே வாரத்தில்தான் பார்த்திருந்தார்.

"மருந்து ஒண்ணும் இல்லைம்மா. கால் தரையில படணும். தினமும் கொஞ்ச நேரமாவது," என்றார். "மேல இருந்து வர்ற பிள்ளைங்க நல்லாத்தானே இருக்காங்க. அங்க கூட்டிட்டுப் போங்க."

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. மேட்டுத்தெருவுக்குள் பள்ளத்தெருக்காரர்கள் போகக்கூடாது என்று யாரும் எங்கேயும் சொன்னதில்லை. யாரும் போனதும் இல்லை. பஸ்ஸுக்குப் போவதென்றால் குளத்துக்கரையைச் சுற்றித்தான் போவார்கள், அதுதான் குறுக்குவழி என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டில் முத்துக்கிளி அதைச் சொன்னபோது செல்லையா மகளின் காலை அண்ணாந்து பார்த்தார்.

"மேட்டுத்தெருவுக்கா," என்றார்.

"தரை அங்கதான இருக்கு."

"வேற யாரும் வரமாட்டாவ. நீ ஒருத்திதான் போவே."

"நான் போறதுக்கு எதுக்கு வேற ஆளு?"

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் முத்துக்கிளி மகளை அழைத்துக்கொண்டு கீழே திரும்பாமல் மேலே நடந்தாள். ஏற ஏற மகள் பக்கத்தில் வந்தாள். பள்ளிக்கூட மதிலைத் தாண்டியபோது கயிறு தொய்ந்தது, தண்ணீர்த்தொட்டியடியில் எட்டிப் பிடிக்காமலே மகளின் கையைப் பிடிக்க முடிந்தது, பிள்ளையார் கோயிலைத் தாண்டியபோது எத்தனையோ மாதத்துக்கப்புறம் மகளின் தலையைக் குனிந்து பார்த்தாள். எண்ணெய் காணாமல் வறண்டிருந்தது. சரியாக சண்முகவடிவின் வீட்டுக்கு முன்னால் வந்தபோது செம்மலர் தடுமாறினாள். குதிகால் பட்டது, பிறகு முழுப்பாதமும் பட்டது. அவள் அசையாமல் நின்று காலை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள்.

சண்முகவடிவு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையில் இருந்ததைக் கீழே வைக்காமல் எழுந்து வந்தாள்.

"ஏ முத்துக்கிளி, யாரத் தேடுத?"

"யாரயும் தேடலம்மா. பிள்ளைக்குக் கால் தரையில படணும்னு டாக்டர் சொல்லிட்டாவ."

"அதுக்கு?"

"வேற எங்கயும் தரை எட்டல."

சண்முகவடிவு சிறுமியின் காலைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்று வந்து போனது. பிறகு எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்தாள், அங்கே இரண்டு பேர் நின்றார்கள்.

"எத்தன நாளைக்கு?"

"தினமும் வரணுமாம்."

"அவுக வந்தா கேக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பலவேசம் கோபப்படவில்லை. அவர் எதற்கும் சத்தம் போடுகிறவர் இல்லை. மறுநாள் காலையில் குழாய் பதிக்கிற வேலை என்று சொல்லி மண் தோண்டும் இயந்திரத்தை வரவழைத்து, தன் வீட்டுக்கு முன்னால் தெருவை முழங்கால் ஆழத்துக்கு வெட்டச் சொன்னார். சாயங்காலம் முத்துக்கிளி மகளோடு வந்தபோது அங்கே செம்மலரின் கால் காற்றில்தான் இருந்தது. முத்துக்கிளி பள்ளத்தைப் பார்த்தாள், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு முன்னால் போனாள். அங்கே தரை பட்டது. அதற்கு மறுநாள் அங்கேயும் வெட்டினார்கள்.

அப்படித்தான் அது நடந்தது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் இயந்திரம் வெட்டும், சாயங்காலம் முத்துக்கிளி வெட்டாத இடத்தைத் தேடி வருவாள். சில நாளில் அவளுக்குப் பின்னால் தயங்கித் தயங்கிப் பள்ளத்தெருவின் மற்ற அம்மாக்களும் தத்தம் பிள்ளைகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஊர்வலம் மாதிரி, மேளம் இல்லாமல். வெட்டாத தரை கைப்பிள்ளையின் படுக்கை அளவுக்குச் சுருங்கியபோதும் பிள்ளைகள் முறைவைத்து அதில் ஏறி நின்று, கொஞ்ச நேரம் நின்று, அடுத்தவருக்கு இடம் விட்டு இறங்காமலேயே விலகினார்கள். குழாய் வேலை என்று சொல்லி ஆரம்பித்ததால் மேட்டுத்தெருக்காரர்கள் குழாயைப் பற்றியே பேசினார்கள், பேசப்பேச நம்பினார்கள். குழாய் தெருவின் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். புதுக்குழாய்க்கு என்று ஒருத்தி செப்புக்குடம்கூட வாங்கி வைத்தாள். வாசலில் பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. குழாய் வரவில்லை.

வெட்டிய மண்ணைப் பலவேசத்தின் டிராக்டர் கீழே கொண்டுபோய்ப் பள்ளத்தெருவின் கடைசியில், குளத்துக்கு முன்னால் கிடந்த பொட்டலில் கொட்டியது. இடித்த சுவர், செத்த மாடு, கோயில் குப்பை என்று ஊருக்கு வேண்டாதது எல்லாம் போகும் இடம் அதுதான், அதனால் டிராக்டர்காரர் யாரையும் கேட்கவில்லை. தூசி வீட்டுக்குள் வருகிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். மண் நாளுக்கு நாள் குவிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மேட்டுத்தெருவிலிருந்து திரும்பி வந்து, முத்துக்கிளி கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குடம் பாதி நிறைந்திருக்கும், அழுகைச் சத்தம் கேட்டது. கனத்த, தொண்டையடியிலிருந்து வருகிற அழுகை. யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தாள். பிறகுதான் அது தன் மகளின் பழைய குரல் என்று புரிந்து ஓடினாள். பொட்டலின் மண்மேட்டில் செம்மலர் குப்புற விழுந்து கிடந்தாள். காற்றில் நடந்து வந்தவளின் கால்விரல் மேட்டின் உச்சியில் இடித்திருக்கிறது. இத்தனை மாதமாக இடறிவிழும் பழக்கம் இல்லாததால் கையை ஊன்றக்கூடத் தோன்றவில்லை. முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது.

முத்துக்கிளி அவளைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணை ஊதினாள்.

"எரியுதா?"

"எரியுதும்மா."

"எரியட்டும்," என்றாள். அழுதுவிடுவோமோ என்று பயந்து மேட்டின் மண்ணை உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள்.

செல்லையாவும் தெருவில் இருந்த ஆண்களும் மறுநாள் வேலைக்குப் போகாமல் மேட்டைச் சமப்படுத்தினார்கள். ரசமட்டம் வைத்து, பிள்ளைகளின் பாதம் எங்கே இருக்கிறதோ அங்கே மண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். பிள்ளைகள் பகலெல்லாம் அதன்மேல் நின்றார்கள், உட்கார்ந்தார்கள், புரண்டார்கள், கோலி விளையாடினார்கள். உறங்குவதும் அங்கேதான். ஐப்பசி பிறப்பதற்குள் செம்மலரின் வளையல் மணிக்கட்டில் வந்து நின்றது.

மேட்டுத்தெருவுக்கு அதற்கப்புறம் யாரும் போகவில்லை. போகவில்லை என்பது பலவேசத்துக்குத் தெரிவதற்குக் கொஞ்ச நாள் ஆனது. தெரிந்த பிறகும், இயந்திரக்காரரிடம் நிறுத்து என்று சொன்னால் குழாய்க்காகத் தோண்டவில்லை என்று ஆகிவிடும் என்பதால் அவர் சொல்லவில்லை. தோண்டத் தோண்ட மேட்டுத்தெரு பள்ளிக்கூடத்தைவிடத் தாழ்ந்து போனது.

பிறகு மழை பிடித்தது. எந்த வருசமும் மேட்டுத்தெருவில் விழுந்த தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிப் பள்ளத்தெருவின் அடுப்புகளை நனைத்துவிட்டுத்தான் குளத்துக்குப் போகும். இந்த வருசம் அது எங்கும் ஓடவில்லை. தெரு கால்வாய் மாதிரி நிறைந்து, நிறைந்தபடியே கிடந்து, கரிசல் மண் ஊறி, வீடுகளின் அடித்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டது. எல்லாவற்றிலும் உயரமான பலவேசத்தின் வீட்டில்தான் முதல் விரிசல் விழுந்தது. நடுக்கூடத்துச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு அது அகன்றபோது, பார்க்க வந்த எஞ்சினியர் உள்ளே குடியிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்பக்கம், சரிவில், டிராக்டர் நிறுத்துகிற ஷெட்டுக்கு அவர்கள் மாறினார்கள்.

ஷெட்டின் தரை வீட்டுத் தரையைவிட ஆள் உயரத்துக்குத் தாழ்வு. ரித்திகா அதற்குள் நுழைந்தபோது தகரக் கூரையில் தலை இடித்தது. அவள் குப்புறப் படுத்து உள்ளே போனாள். சண்முகவடிவு தட்டை மேலே நீட்டப் பழகினாள். போர்வை முனை முகத்தில் படுகிற உறக்கத்துக்குப் பழகினாள். பிறகு ஒரு நாள் தலை வாரிவிட ஸ்டூலில் ஏறியபோது மகளின் தோள் எலும்பு கையில் குத்தியது. அம்மா என்று அவள் கூப்பிட்டதும் இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பள்ளத்தெருப் பெண்கள் மண்மேட்டில் கரைந்த ஓரங்களை மண்வெட்டியால் சரிசெய்துகொண்டிருந்தபோது, சரிவில் இரண்டு பேர் இறங்கி வருவதைப் பார்த்தார்கள். ஒருத்தி தரையில் நடந்தாள். மற்றவள் மேலே, கயிற்றில்.

"துணைத்தலைவர் வீட்டம்மால்லா அது," என்றாள் ஒருத்தி.

"வரட்டும். நம்மளும் குழாய் பதிப்போம்," என்றாள் இன்னொருத்தி, மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு. சிலர் சிரித்தார்கள். முத்துக்கிளி சிரிக்கவில்லை. அவளுக்கும் அந்த எண்ணம் ஏற்கெனவே வந்திருந்தது. அவர்கள் ரேஷன் கடை திரும்பும்போதே வந்துவிட்டது. மேட்டின் இந்த ஓரத்தை வெட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது என்றும், அந்தப் பிள்ளை அடுத்த ஓரத்துக்குப் போனால் அதையும் வெட்டலாம் என்றும், மேட்டின் நீள அகலத்தை அவள் மனசு ஒரு தடவை சுற்றிவந்துவிட்டது. அப்படிச் சுற்றிவந்தபோது அது சுகமாகத்தான் இருந்தது.

சண்முகவடிவு மேட்டின் அடிவாரத்தில் வந்து நின்றாள். இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெண்களின் கைகளில் இருந்த மண்வெட்டிகளைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு…" என்றாள். 'நீ' என்றும் சொல்லவில்லை, 'நீங்க' என்றும் சொல்லவில்லை. "பிள்ளைக்கு முடியல."

மேட்டின் மேல் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். செம்மலர் எழுந்து ஓரத்துக்கு வந்து, "ரித்திகா, இங்ஙன வா. இங்ஙன கெட்டியா இருக்கும்," என்றாள்.

ரித்திகா அம்மாவைப் பார்த்தாள், முத்துக்கிளியைப் பார்த்தாள். முத்துக்கிளி தடுக்காததால் நடந்து மேட்டுக்கு மேல் வந்தாள். ஆனால் கால் படவில்லை. ஆட்டத்தில் முன்னால் நிற்க வேண்டியவள் என்று அவளுக்கு மட்டும் மற்றவர்களுடையதைவிட ஒரு சாண் உயரமான கட்டை கட்டியிருந்தார்கள். அது அவளுடைய வீட்டு உயரத்தில் தெரியாமல் போயிருந்தது. மேட்டுக்கும் அவள் பாதத்துக்கும் நடுவில் அந்த ஒரு சாண் இருந்தது. அவள் விரல்களைக் கீழே நீட்டினாள், எட்டவில்லை. மெலிந்த குரலில், "படலம்மா," என்றாள்.

சண்முகவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முத்துக்கிளி மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். சண்முகவடிவு அதைப் பார்த்து, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பப் போகிறவள் மாதிரி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். முத்துக்கிளி அவளைக் கடந்து மேட்டின் அடிவாரத்துக்குப் போனாள். மழையில் கரைந்து வழிந்திருந்த மண்ணை வெட்டிச் சட்டியில் போட்டாள், இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறினாள், ரித்திகாவின் காலடியில் கொட்டினாள், உள்ளங்கையால் தட்டி இறுக்கினாள். திரும்ப இறங்கினாள். வெட்டினாள். ஏறினாள். தோளில் மண்வெட்டி வைத்திருந்தவள் அதைக் கீழே இறக்கிவிட்டு ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள், உதவிக்கு வரவில்லை. முத்துக்கிளி அவளைக் கூப்பிடவும் இல்லை. அவளுக்கு உள்ளே கோபம் குறையவில்லை, கை மட்டும் வேலையைச் செய்தது.

இருட்டுவதற்குள் ரித்திகாவின் பெருவிரல் மண்ணில் பட்டது. குதிகால் படவில்லை. பட்ட இடத்தை அவள் ஊன்றிக்கொண்டு நின்றாள், கீழே விழாமல் இருக்கச் செம்மலரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடணும். இன்னைக்கு வெளிச்சம் இல்ல," என்றாள் முத்துக்கிளி, கையை உதறிக்கொண்டே. சண்முகவடிவு எதையோ சொல்ல வாயெடுத்தாள். முத்துக்கிளி அதைக் கேட்க நிற்கவில்லை. "நாளைக்கு வரும்போது சட்டி கொண்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைக் கழுவக் குளத்துக்கு இறங்கினாள்.

பின்னாளில் அந்த மேடு பெரிதாகி, பள்ளிக்கூடத்தையே அங்கே மாற்றினார்கள் என்பதும், பஸ் அங்கே வந்துதான் திரும்புகிறது என்பதும், பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு ஊர்களுக்குப் போய் அந்தந்த ஊர் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி இருந்துகொண்டார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த முதல் சாயங்காலத்துக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வருவாள் என்று சிலர் சொன்னார்கள், பலவேசம் விடமாட்டார் என்று சிலர் சொன்னார்கள்.

சண்முகவடிவு வந்தாள். ஒரு கையில் மகளின் கயிறு, இடுப்பில் ஒரு சட்டி. சட்டியில் ஒன்றும் இல்லை. அவள் தெருவில் அள்ளுவதற்கு மண் மிச்சமில்லை. மேட்டின் அடிவாரத்தில் முத்துக்கிளி வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, காலியான சட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். முத்துக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று வெட்டத் தொடங்கினாள், இரண்டு பேருக்கு இடம் இருக்கும்படி.